ஏசி பில்லும் கடைசி 90 யூனிட்டும்

ஒரு மணி நேரம் ஏசி ஓடினால் எவ்வளவு ரூபாய் ஆகும்? தெரிந்தவர்கள் பலரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "இருபது ரூபா இருக்கும்" என்றார் ஒருவர். "அம்பதுக்குக் குறையாது" என்றார் இன்னொருவர். பெரும்பாலானவர்கள் சொன்ன பதில், "பில் வந்தாத்தான் தெரியும்". பைக் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டால் தசமப் புள்ளியோடு சொல்பவர்கள்தான் இவர்கள் எல்லாம்.

எண் தெரியாத இடத்தில் இரண்டு வகைப் பழக்கம் வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். இன்னொரு வீட்டில், மே மாதப் புழுக்கத்திலும், "பில் எகிறிடும்பா" என்று எழுபது வயது அம்மா ஏசியை அணைத்துவிட்டு விசிறிமட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் வீட்டில் பணம் வீணாகிறது. இரண்டாவது வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் ஆபத்தில் இருக்கிறது.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரை. பத்தாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் போதும்.

முதலில் படிக்கட்டைப் பார்ப்போம்

ஏசியைத் திறப்பதற்கு முன்னால் இ.பி. பில்லைத் திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. கட்டணம் ஒரே விலை அல்ல, படிக்கட்டு. மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும்.

2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது. ஆனால் அந்த எண்கள் கணக்குப் போட எளிதானவை. உங்கள் ரசீதில் இருக்கும் இன்றைய விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்துகொள்ளலாம்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

500-ஐத் தாண்டினால்: முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101-இலிருந்தே 4.50 ஆகிவிடும், 400 வரைக்கும். பிறகு 401 முதல் 500 வரை 6, 501 முதல் 600 வரை 8, 601 முதல் 800 வரை 9, 801 முதல் 1000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய்.

கவனித்தீர்களா? 500-ஐத் தாண்டியதும் புதிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை. ஏற்கெனவே 2.25-க்குக் கிடைத்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிட்டது. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1725 ரூபாய். 501 என்றால் 1958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

ஒரு வீட்டுக் கணக்கு

இப்போது ஏசியை உள்ளே கொண்டுவருவோம். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், டிவி, மிக்சி எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாமல் பில் 675 ரூபாய்.

அந்த வீட்டில் ஒரு 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி. படுக்கையறையில், இரவு எட்டு மணி நேரம். சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்றால் ஓர் இரவுக்கு 4.8 யூனிட். அறுபது இரவுக்கு 288 யூனிட். மொத்தம் 588. பில் 2654 ரூபாய்.

பலர் இதை எப்படிப் பார்ப்பார்கள்? 2654-ஐ 588-ஆல் வகுத்து, "யூனிட்டுக்கு நாலரை ரூபாதானே" என்பார்கள். அது மொத்தத்தின் சராசரி. ஏசிக்கு அந்தச் சராசரி பொருந்தாது. ஏசி வந்ததால் கூடிய தொகை 1979 ரூபாய். அதை 288-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6.87 ரூபாய். அடிப்படைத் தேவைகள் எல்லாம் கீழ்ப்படிகளை நிரப்பிவிட்ட பிறகு, ஏசி மேல்படியில்தான் போய் உட்கார்கிறது.

இதையே திருப்பிப் போட்டால் நல்ல சேதி. இந்த வீடு ஓர் இரவுக்கு 1.5 யூனிட் மட்டும் குறைத்தால் இரண்டு மாதத்தில் 90 யூனிட் மிச்சம். மொத்தம் 498. பில் 1713 ரூபாய். அதாவது யூனிட் 15 சதவீதம்தான் குறைந்தது, பில்லோ 35 சதவீதம் குறைந்துவிட்டது. அந்த 90 யூனிட்டின் விலை 941 ரூபாய், ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு மேல்.

ஆகவே ஏசியை விட்டொழிக்க வேண்டியதில்லை. பாதியாகக் குறைக்கவும் வேண்டாம். கடைசியில் இருக்கும் அந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைக் கண்டுபிடித்து வெட்டினால் போதும். அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை

ஏசி ஒரு பம்ப். கீழே சம்பில் இருக்கும் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றுகிறோம் இல்லையா, அதைப்போல அறைக்குள் இருக்கும் வெப்பத்தை ஏசி வெளியே ஏற்றுகிறது. வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குத்தான் பாயும். அதை எதிர்த்திசையில் தள்ளுவதற்குத்தான் மின்சாரம்.

டன் என்பதும் இதற்கான அளவுதான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம் 1 டன். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட். 1.5 டன் என்றால் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். அதற்கு 5.3 கிலோவாட் மின்சாரம் தேவையில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்றரை, நான்கு யூனிட் வெப்பத்தைத் தள்ளலாம், நல்ல ஏசி அதற்கு மேலும் தள்ளும். தண்ணீரை உண்டாக்குவதைவிட ஏற்றுவது சுலபம் என்பது மாதிரி.

பம்ப் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். மோட்டார் பில் எதைப் பொறுத்தது? எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம். ஏசி பில்லும் அப்படியே. எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அதை எவ்வளவு "உயரத்துக்கு" ஏற்ற வேண்டியிருக்கிறது. உள்ளே எவ்வளவு குளிர்ச்சி கேட்கிறோமோ, வெளியே எவ்வளவு சூடோ, அந்த இடைவெளிதான் உயரம்.

18-ஆ, 26-ஆ?

இரவு வெளியே 32 டிகிரி. உள்ளே 18 வைத்தால் வித்தியாசம் 14. உள்ளே 26 வைத்தால் வித்தியாசம் 6. சுவர் வழியாக வெப்பம் கசிந்து வரும் வேகம் இந்த வித்தியாசத்துக்கு ஏற்பத்தான். ஆக 18-இல் சுவர் வழியே வரும் வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படி வந்த வெப்பத்தை அதிக உயரத்துக்கு ஏற்றவும் வேண்டும். இரண்டு பக்கமும் அடி.

"18 வெச்சா சீக்கிரம் குளிரும், அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது பரவலான நம்பிக்கை. அறை 34-இல் இருக்கும்போது நீங்கள் 18 கேட்டாலும் 25 கேட்டாலும் கம்ப்ரசர் தன் முழு பலத்தில்தான் ஓடும். 25-ஐ அடையும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. 25 கேட்டிருந்தால் அங்கே தணிந்துவிடும். 18 கேட்டிருந்தால் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்கள் அதற்குள் தூங்கியிருப்பீர்கள்.

வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். அது தொடங்கும் இடம் மட்டுமே. அங்கேயே நிற்க வேண்டும் என்று இல்லை.

24-ஐ 27 ஆக்கினால் புழுங்காதா? ஃபேன் போட்டால் புழுங்காது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் தோலில் ஒட்டியிருக்கும் சூடான, ஈரமான காற்றை விலக்கிவிடுகிறது, வியர்வையை ஆற்றுகிறது. அதனால் 27 டிகிரி 24 மாதிரி இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். மூன்று டிகிரி ஏற்றியதில் நம் உதாரண வீட்டுக்கு மிச்சமாவது சுமார் 0.86 யூனிட். பாதிக்கு மேல் ஃபேனே சாப்பிட்டுவிடும். அதனால் ஃபேனை இரண்டாம் எண்ணில் வையுங்கள். ரெகுலேட்டர் பழைய பெட்டி மாதிரிப் பெரியதாக, தொட்டால் சூடாக இருந்தால், வேகம் குறைந்தாலும் மின்சாரம் அவ்வளவாகக் குறையாது; மிச்சமானது ரெகுலேட்டரிலேயே சூடாகிப் போகும். சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாற்றுங்கள். புதிதாக ஃபேன் வாங்குவதாக இருந்தால் பி.எல்.டி.சி. வகை வாங்குங்கள், 30 வாட் அளவில் முடிந்துவிடும்.

வாளி வைத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்து, இரவு முழுவதும் சேர்ந்த தண்ணீரைக் காலையில் அளந்து பார்த்தேன். ஏழு லிட்டர்.

அது அறைக் காற்றில் இருந்த ஈரம். ஆவியாக இருந்ததைத் தண்ணீராக மாற்ற, ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 0.68 யூனிட் வெப்பத்தை ஏசி வெளியே தள்ள வேண்டும். ஏழு லிட்டருக்கு 4.8 யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரத்தில் நான்கு யூனிட் வெப்பம் தள்ளும் ஏசி என்றால், சுமார் 1.2 யூனிட் மின்சாரம். ஓர் இரவுக்கு 4.8 யூனிட் எரிக்கும் வீட்டில் அது கால் பங்கு. அறையின் சூட்டை ஒரு டிகிரி கூடக் குறைக்காமல், காற்றை உலர்த்துவதற்கு மட்டுமே இவ்வளவு.

உலர்த்துவது வீண் என்று சொல்லவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்மை வதைப்பது பாதிக்கு மேல் ஈரம்தான். கேள்வி என்னவென்றால், அந்த ஈரம் எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது? மூடிய அறையில் இருந்த ஈரம் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெருமளவு வெளியேறிவிடும். நம் மூச்சும் வியர்வையும் கொஞ்சம் சேர்க்கும். மற்றதெல்லாம் வெளிக்காற்று. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடுக்கு, சரியாக மூடாத ஜன்னல், வெண்டிலேட்டர் திறந்திருக்கும் பாத்ரூம், அந்த பாத்ரூமின் சாத்தாத கதவு.

கதவடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைப்பதற்குச் செலவு பூஜ்யம். ரப்பர் பட்டை ஒட்டினால் நூற்றுச் சொச்சம். வாளி வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் லிட்டரிலேயே தெரியும்.

ரிமோட்டில் "ட்ரை" என்று ஒரு பொத்தான் உண்டு. அது ஃபேனை மெதுவாக்கி, கம்ப்ரசரை அளவாக ஓட்டி, ஈரத்தை எடுப்பதற்கு முன்னுரிமை தரும். மழைக்காலத்தில், சூடு குறைவாகவும் பிசுபிசுப்பு அதிகமாகவும் இருக்கும் நாட்களில் அது நன்றாக வேலை செய்யும். மே மாத மாடி வீட்டில் அதை நம்ப வேண்டாம்.

வேலூர், திருத்தணிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே காற்று வறண்டது, வாளி பாதிகூட நிரம்பாது. உங்கள் எதிரி வெயிலும் சுவரும்தான். ஏப்ரலில் ஏர் கூலரே ஓரளவு சமாளித்துவிடும். சென்னைக் கடற்கரையில் அதே கூலர் அறையைக் குளியலறை ஆக்கிவிடும். ஏசியையும் ஏர் கூலரையும் ஒன்றாக ஓட்டுவதோ, ஒரு கையால் ஊற்றி இன்னொரு கையால் இறைப்பது.

மேலிருந்தும் மேற்கிலிருந்தும்

மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். பகல் மூன்று மணியைவிட இரவு ஒன்பது மணிக்குத்தான் கூரை கொதிக்கும். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து, பல மணி நேரம் கழித்து மெதுவாக உள்ளே விடுகிறது. நாம் ஏசி போடும் நேரமும் அதுவும் சரியாகப் பொருந்துகிறது.

நம் ஊரில் இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. கூரை மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். வெயில் கான்கிரீட்டைத் தொடுவதற்குள் பாதி ஆறிவிடும். இப்போது பல வீடுகளில் வெறும் சிமெண்ட் பூச்சுதான். தட்டோடு போட வசதி இல்லையென்றால் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கறுத்துப்போன தளம் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கும். வெளுத்த தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வெறுங்காலில் நடந்து பார்த்தாலே போதும், மீட்டர் வேண்டாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் உதவி இதுதான்.

அடுத்தது மேற்கு ஜன்னல். மாலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழும்போது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சில நூறு வாட் உள்ளே வரும். ஒரு சின்ன ஹீட்டரை ஓடவிட்ட மாதிரி. திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ கட்டினால் வெயில் வாசலிலேயே நின்றுவிடும். நம் தாத்தா பாட்டி காலத்துத் தட்டிக்கு இயற்பியல் முழு மதிப்பெண் தருகிறது.

இன்னொன்று. பகலெல்லாம் பூட்டிக் கிடந்த மாடி அறைக்குள் இரவு நுழையும்போது, பல நாட்களில் உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும். உடனே ஏசியைப் போடாமல் ஜன்னலைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வெளிக்காற்று இலவசமாகச் செய்யும் வேலையை எட்டு ரூபாய் யூனிட்டில் ஏன் செய்ய வேண்டும்?

அவுட்டோர், ஃபில்டர், கேஸ்

வெளியே இருக்கும் பெட்டிக்கு இரண்டு தேவை: காற்று உள்ளே போக வழி, சூடான காற்று வெளியேற வழி. அடுக்குமாடிகளில் அழகுக்காக அதை ஒரு குறுகிய சந்தில், கம்பிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். தான் விட்ட சூடான காற்றைத் தானே மறுபடி இழுக்கிறது. வெளியே 35 டிகிரி என்றாலும் அந்தப் பெட்டிக்கு 42 ஆகத் தெரியும். உயரம் கூடிவிட்டது, பில்லும் கூடும். முன்னால் துணி காயப்போடுவது, அட்டைப்பெட்டி அடுக்குவது எல்லாம் இதே கதைதான்.

உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழற்றித் தண்ணீரில் கழுவுங்கள். ஐந்து நிமிட வேலை, யாரையும் கூப்பிட வேண்டாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளை அரிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.

"கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிடலாமா?" என்று கேட்டால் ஒரு எதிர்க்கேள்வி கேளுங்கள்: "எங்கே லீக்?" ஏசியின் வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் ஒவ்வொரு வருடமும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

அணைக்கலாமா, ஓடவிடலாமா?

"அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கூட ஆகும், அப்படியே ஓடட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் வெளியே போய் வருவதற்கு அணைக்க வேண்டியதில்லை, சரிதான். ஆனால் ஒரு மணி நேரம் யாரும் இல்லாத அறையில் ஓடவிட்டால் நஷ்டம். அணைத்த அறை சூடாக ஆக, வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் குறைகிறது, உள்ளே வரும் வெப்பமும் குறைகிறது. திரும்பி வந்து எடுக்க வேண்டிய வெப்பம் எப்போதும் அந்த ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்திருக்க வேண்டியதைவிடக் குறைவுதான்.

விடியற்காலை இன்னொரு வாய்ப்பு. அறையும் சுவரும் மெத்தையும் குளிர்ந்திருக்கும், வெளியேயும் அன்றைய நாளின் மிகக் குறைந்த சூடு. ஐந்து மணிக்கு ஏசி தானாக நிற்கும்படி டைமர் வைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் ஏழு மணி வரை பலருக்கு முழிப்பே வராது. "ஸ்லீப்" பொத்தானும் இந்த மாதிரிதான், நேரம் போகப் போக டிகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்.

ரிமோட்டில் அணைத்தாலும் ஏசியும் ஸ்டெபிலைசரும் சில வாட் இழுத்துக்கொண்டிருக்கும். 5 வாட் என்றால்கூட இரண்டு மாதத்தில் 7 யூனிட். காலையில் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். 498-க்கும் 505-க்கும் நடுவில் இருக்கும் வீட்டுக்கு அந்த ஏழு யூனிட்டின் மதிப்பு 277 ரூபாய்.

புது ஏசி வாங்கலாமா?

ஒரு சின்ன விளக்கம். இன்வெர்ட்டர் ஏசி என்றால் கரண்ட் போனால் ஓடும் ஏசி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஏசியில் கம்ப்ரசருக்கு இரண்டே நிலை: முழு ஓட்டம், முழு நிறுத்தம். இன்வெர்ட்டரில் அது வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிக வெப்பத்தைத் தள்ளும். லாபம் அங்கேதான்.

ஸ்டார் முத்திரையில் "ஐசீர்" என்று ஓர் எண் இருக்கும். ஒரு பருவம் முழுக்க எத்தனை யூனிட் வெப்பத்தை எத்தனை யூனிட் மின்சாரத்தில் தள்ளுகிறது என்ற விகிதம். 4 உள்ள ஏசிக்குப் பதில் 5 உள்ளதை வாங்கினால் அதே குளிர்ச்சிக்கு 20 சதவீதம் மின்சாரம் குறையும். நம் உதாரண வீட்டுக்கு அது இரண்டு மாதத்தில் 58 யூனிட், கோடையில் சுமார் 450 முதல் 500 ரூபாய். வருடத்தில் ஆறு மாதம் ஓட்டினால் ஏறத்தாழ 1500. விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும் போட்ட பணம் திரும்ப. பகலும் இரவும் ஓடும் வீட்டுக்கு இரண்டே வருடத்தில் திரும்பலாம். முத்திரையில் போட்டிருக்கும் வருட யூனிட் கணக்கு 1600 மணி நேரத்துக்கானது. உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் வீட்டு எண்ணை எடுப்பது எப்படி?

கருவி எதுவும் வாங்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஏதோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம்.

ஏசி மட்டும் ஓடும்படி ஒரு நிமிடம் மற்றவற்றை அணையுங்கள். பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த நொடிகளால் வகுங்கள். வருவது வாட். 1600 என்றால் 22,500-ஐ வகுக்க வேண்டும். பத்து மினுக்கல் 9 நொடியில் முடிந்தால் 1250 வாட். 22 நொடி ஆனால் சுமார் 510 வாட்.

ஏசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் இரண்டாவது எண் பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லையா? எங்கோ வெப்பம் நிற்காமல் வருகிறது: கூரை, ஜன்னல், இடுக்கு, அல்லது மூச்சுமுட்டும் அவுட்டோர். ஒன்றைச் சரிசெய்து மறுநாள் மறுபடி எண்ணுங்கள்.

கூடவே, ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். 250-க்குக் கீழே இருந்தால் 500-க்குள் முடிக்கலாம். மேலே போயிருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

நம் உதாரண வீட்டின் 1.5 யூனிட் இப்படி வரும்: 27 டிகிரியும் மெதுவான பி.எல்.டி.சி. ஃபேனும் சேர்த்து 0.6, விடியற்காலை டைமர் 0.5, இடுக்கை அடைத்து மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டியதில் 0.4. யாரும் வியர்வையில் நனையவில்லை.

இனி முதல் கேள்விக்கான பதில். அந்த வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். 8 ரூபாய் படியில் இருந்தாலும் ஐந்து ரூபாய்க்குக் கீழே, அரை டீயின் விலை. வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை, உடம்புக்கு முடியாதவர்கள் இருந்தால் இந்த எண்ணை அவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள். "அஞ்சு ரூபாதான்மா, போட்டுக்கிட்டுப் படு" என்று சொல்லுங்கள். சிக்கனத்தைக் கூரையிலும் ஜன்னலிலும் ரிமோட்டின் எண்ணிலும் காட்டுவோம். வெப்பம் தாங்க முடியாத உடம்பின் மேல் காட்ட வேண்டாம்.